ஆகாய விமானமும் ஆண்டவன் செயலும்

வானத்தில் இரண்டு ஆகாய விமானங்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் பறப்பதைக் கண்டால், நம் மக்கள் "அய்யோ, இடித்துக் கொள்ளப் போகின்றனவே" என்று பதறுவதும், அவை இடித்துக் கொள்ளாமல் தம் வழியே போய்விட்டால் "ஏதோ சாமிதான் காப்பாற்றியது" என்று கன்னத்தில் போட்டுக் கொள்ளுவதும் வழக்கமாய் இருந்து வருகின்றது. நமது கொங்கு நாட்டில் இந்தப் பதற்றத்துக்குச் சற்று அதிகமான இடமும் உண்டு. சூலூரில் ராணுவ விமான நிலையம் இருக்கின்றது. 2018-ல் தேஜஸ் என்னும் சண்டை விமானப் படைப்பிரிவு ஒன்று பெங்களூரிலிருந்து அங்கு வந்து சேர்ந்தது; 2020-ல் இன்னொரு பிரிவும் சேர்ந்தது. 2024 ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனி, பிரான்சு, பிரிட்டன், ஸ்பெயின் ஆகிய நாடுகளின் விமானங்களும் சூலூருக்கு வந்து கூட்டுப் பயிற்சி செய்தன. இவை இரண்டு இரண்டாகவும் நான்கு நான்காகவும் போகும்போது, நாற்று நடும் பெண்கள் முதல் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர் வரை அண்ணாந்து பார்க்காதவர் இல்லை. இவற்றுக்கும் மேலே, வெள்ளைக் கோடு இழுத்துக் கொண்டு போகும் பிரயாணி விமானங்கள் வேறு.

இவ்விமானங்களுக்கு உண்மையிலேயே அபாயம் உண்டா என்று தோழர்கள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நமக்குத் தெரிந்தவரை, கண்ணுக்குப் பக்கத்தில் தெரிகிறவை பெரும்பாலும் பத்திரமாகவே போகின்றன. அபாயத்தில் இருப்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. இது வேடிக்கைக்காகச் சொல்லுவதல்ல.

முதலாவதாகக் கண்ணின் யோக்கியதையை எடுத்துக் கொள்ளுவோம். பக்கத்தில் இருக்கும் பொருளின் தூரத்தை இரண்டு கண்களும் சேர்ந்து ஒருவாறு அளந்து சொல்லிவிடும். வெகு தூரத்துக்கு அப்பால் உள்ளதைக் கண் தன் சொந்த சாமர்த்தியத்தால் அளப்பதில்லை. நடுவில் இருக்கும் மரம், வீடு, பாதை, ஆள் இவைகளை அடையாளம் வைத்துக் கொண்டு புத்திதான் உத்தேசமாய் ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுகின்றது. ஆகாயத்திலோ மரமும் இல்லை, மைல் கல்லும் இல்லை. ஆகவே அங்குள்ளதெல்லாம் ஒரே தகட்டில் ஒட்டி வைத்ததுபோலவே தோன்றும். பாரியூர் வயல் வரப்பில் நின்று பார்த்தால் முழு நிலா தென்னை மட்டையின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிகின்றது. அதற்காக யாராவது துரட்டியை எடுத்துக் கொண்டு போகிறார்களா?

விமானங்களின் அளவும் ஒன்றல்ல. நம் பக்கத்து ஊர்களுக்கு இடையே ஓடும் ஏ.டி.ஆர். என்னும் சிறு விமானத்தின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை சுமார் 27 மீட்டர். ஏ-380 என்னும் இரட்டை மாடி விமானத்தின் இறக்கையோ சுமார் 80 மீட்டர். முன்னது 15,000 அடி உயரத்திலும் பின்னது 40,000 அடி உயரத்திலும் போனால், கீழே நிற்பவனுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமனாகத் தெரியும். ஒரே பருமனாகத் தெரிந்தவுடன் ஒரே உயரம் என்று புத்தி தீர்ப்புச் சொல்லிவிடுகின்றது. நடுவில் உள்ள 25,000 அடி எங்கே போயிற்று என்று கேட்பார் இல்லை. அதுபோலவே இரண்டு வெள்ளைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கொண்டு போனால், அந்த இடத்தில் இரண்டு விமானமும் சந்தித்ததாக நினைக்கிறார்கள். அந்தக் கோடு, விமானப் புகையில் உள்ள நீராவி குளிரில் பனித்துகளாய் உறைந்து நிற்பது. ஒரு விமானம் போய்ப் பல நிமிஷம் கழித்து இன்னொன்று வேறு உயரத்தில் குறுக்கே போயிருந்தாலும் கீழிருந்து பார்க்கிறவனுக்கு அது வெட்டுக் கோடுதான்.

இந்தத் தகட்டுப் பார்வையை வைத்துக் கொண்டு ஒரு கூட்டமே ஜீவனம் செய்து வருவதை இங்கு சொல்லாமல் விட முடியவில்லை. 2020 டிசம்பர் 21-ந் தேதி குரு என்னும் வியாழனும் சனியும் வானத்தில் ஒன்றாய்ச் சேர்ந்தன என்று உலகமே வேடிக்கை பார்த்தது. நிலாவின் குறுக்களவில் அய்ந்தில் ஒரு பங்கு இடைவெளிதான் கண்ணுக்குத் தெரிந்தது. அன்று அவ்விரண்டுக்கும் நடுவில் இருந்த உண்மையான தூரம் சுமார் 73 கோடி கிலோமீட்டர். 73 கோடி கிலோமீட்டர் தள்ளியிருப்பதற்குச் "சேர்க்கை" என்று பெயர் வைத்து, அதற்குப் பலன் எழுதி, பரிகாரம் சொல்லி, தட்சணையும் வாங்கிக் கொள்ளுகிறவர்கள் இருக்கும் நாட்டில், ஆயிரம் அடி தள்ளிப் பறக்கும் விமானங்கள் இடித்துக் கொள்ளும் என்று பாமர மக்கள் பயப்படுவதைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது.

நிற்க, விமானங்கள் ஆகாயத்தில் தம் இஷ்டப்படி திரிவதில்லை. அங்கும் பாதை உண்டு, மாடி உண்டு, காவல் உண்டு. உயரத்தில் போகும் பிரயாணி விமானங்களுக்குள் மேலும் கீழுமாக 1,000 அடியாவது இடைவெளி இருக்க வேண்டும். 29,000 அடிக்கு மேல் முன்பெல்லாம் 2,000 அடி விட்டார்கள். உயரம் அளக்கும் கருவிகள் திருந்திய பிறகு 2003 முதல் நம் நாட்டு ஆகாயத்திலும் அதை 1,000 அடியாகக் குறைத்தார்கள். கிழக்கு நோக்கிப் போவது 33,000, 35,000 என்று ஒற்றைப்படை ஆயிரத்திலும், மேற்கு நோக்கிப் போவது 34,000, 36,000 என்று இரட்டைப்படை ஆயிரத்திலும் போக வேண்டும் என்பது பொது விதி. மேலும் கீழுமாக அந்த இடைவெளி இல்லாவிட்டால் பக்கவாட்டிலாவது, ரேடார் பார்வை உள்ள இடத்தில், 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்கு மேல், தள்ளியிருக்க வேண்டும். விமான நிலையத்தை நெருங்கும்போது இது 3 கடல் மைலாகக் குறையும். இவ்விரண்டில் ஒன்றாவது இருந்தால் போதும். இரண்டும் ஒருசேரக் குறைந்தால்தான் அபாயம் என்று கணக்கு.

இந்தக் கணக்கைக் கீழிருந்து பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக 1,000 அடி விட்டு விதிப்படி போகும் இரண்டு விமானங்கள் தலைக்கு நேரே வந்தால், கட்டை விரலை நீட்டினால் இரண்டும் அதற்குள்ளேயே மறைந்து போகும். பார்க்கிறவர் இடித்தேவிட்டது என்பார். ஒரே உயரத்தில் 7 கிலோமீட்டர் இடைவெளியில், விதிக்கு விரோதமாய் நெருங்கி வரும் இரண்டு விமானங்களோ, கையை நீட்டிச் சாணால் அளந்தால் இரண்டு சாண் தள்ளித் தெரியும். ஒருவரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் அவை நேருக்கு நேர் வருமானால், மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொன்றும் வர, அந்த 7 கிலோமீட்டரும் தீர்ந்து போக 15, 16 விநாடிக்கு மேல் ஆகாது. ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி மடிக்கிற நேரம்.

சூலூர் விமானங்கள் அணி வகுத்துப் போவது வேறு சங்கதி. அவை உண்மையிலேயே பக்கத்தில்தான் போகின்றன. சில வேளை சில கெஜ தூரமே இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே திசையில், ஒரே வேகத்தில், ஒன்றின்மேல் ஒன்று கண் வைத்துக் கொண்டு போகின்றன. ரேக்ளா ஓட்டுகிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு வண்டி பக்கம் பக்கமாய்ப் பறக்கும்போது கைக்கெட்டும் தூரம்தான்; ஆனாலும் ஒன்றுக்கு மற்றொன்று நின்ற இடத்தில் நிற்பதுபோலத்தான். அதற்காக அணி வகுத்துப் பறப்பதில் அபாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2019 பிப்ரவரி 19-ந் தேதி பெங்களூர் எலகங்காவில் சூரியகிரண் அணியின் இரண்டு விமானங்கள் ஒத்திகையின்போது ஒன்றோடொன்று மோதின. இருவர் குதித்துப் பிழைத்தனர். ஒரு விமானி மாண்டார். பயிற்சியும் ஒழுங்கும்தான் அவர்களைக் காத்து வருவது. அதில் ஒரு நொடி பிசகினால் பிசகியதுதான். விதிப்படி 1,000 அடி தள்ளிப் போனாலும் சில சமயம் பெரிய விமானம் கிளப்பிவிட்டுப் போகும் காற்றுச் சுழல் சிறிய விமானத்தை உருட்டிவிடும். 2017 ஜனவரியில் அரபிக் கடலின்மேல், மாலே தீவிலிருந்து போன ஒரு சிறு விமானம், 1,000 அடிக்கு மேலே எதிரில் கடந்துபோன ஏ-380-ன் சுழலில் அகப்பட்டுக் குட்டிக்கரணம் போட்டுப் பல ஆயிரம் அடி கீழே வந்து, எப்படியோ மஸ்கட்டில் இறங்கியது. ஆகவே எண்களை மந்திரமாக்கிவிட வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்லுகிறோம்.

இனி நம் ஊர்க் காரியத்துக்கு வருவோம். 2018 ஜூலை 10-ந் தேதி கோயமுத்தூரிலிருந்து அய்தராபாத்துக்கு ஓர் இண்டிகோ விமானம் கிளம்பியது. அதே கம்பெனியின் மற்றொரு விமானம் பெங்களூரிலிருந்து கொச்சிக்குக் கிளம்பியது. இரண்டிலும் சேர்த்துப் பிரயாணிகள் 328 பேர். முன்னதை 36,000 அடிக்கு ஏறச் சொல்லியும், பின்னதை 28,000 அடிக்கு ஏறச் சொல்லியும் உத்தரவாயிற்று. இரண்டும் ஏறிக் கொண்டிருந்தபோது பெங்களூர் ஆகாய எல்லையில் ஒன்று 27,300 அடியிலும் மற்றது 27,500 அடியிலும் வந்து நின்றன. மேலும் கீழும் 1,000 அடி இருக்க வேண்டிய இடத்தில் 200 அடி. பக்கவாட்டில் சுமார் 4 மைல். இதைக் கீழே நின்று பார்த்தவன் ஒருவன் இருந்திருந்தால், முன் சொன்னபடி இரண்டு சாண் தள்ளி இரண்டு பொட்டுகளைக் கண்டிருப்பானே ஒழிய வேறு ஒன்றையும் கண்டிருக்க மாட்டான். உள்ளே இருந்த 328 பேருக்கும் அந்த நிமிஷத்தில் ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை.

யாருக்குத் தெரிந்தது? ஒரு பெட்டிக்குத் தெரிந்தது. 'டிகாஸ்' என்று சொல்லப்படும் மோதல் தடுப்புக் கருவி அது. ஒவ்வொரு விமானத்திலும் உள்ள இந்தக் கருவி, பக்கத்தில் யார் வருகிறார்கள், எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்று ரேடியோ அலை மூலம் விநாடிக்கு விநாடி கேட்டுக் கொண்டே இருக்கும். மற்ற விமானத்தின் கருவி பதில் சொல்லிக் கொண்டே இருக்கும். தூரத்தை விட, மோதுவதற்கு இன்னும் எத்தனை விநாடி என்பதையே அது முக்கியமாய்க் கணக்குப் பார்க்கும். அரை நிமிஷத்துக்குள் முட்டும் என்று கண்டால் ஒரு விமானத்தின் கருவியும் மற்றதன் கருவியும் தமக்குள் பேசி வைத்துக் கொண்டு, ஒருவனை "ஏறு" என்றும் மற்றவனை "இறங்கு" என்றும் உரக்கச் சொல்லும். அன்றும் அப்படித்தான் சொல்லிற்று, விமானிகள் கேட்டார்கள், விலகிப் போனார்கள். பின்னர் விமான விபத்துகளை ஆராயும் சர்க்கார் அமைப்பு விசாரணையில் இறங்கியது.

இப்படிப்பட்ட சம்பவங்களைப் பற்றி நமது பத்திரிகைகள் எழுதுவது என்ன? "அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினர்", "தெய்வாதீனமாக விபத்துத் தவிர்க்கப்பட்டது" என்பதுதான். பல்லாண்டுக் காலம் பல பேர் மூளையைக் கசக்கி, செத்தவர்களின் கணக்கைப் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்த கருவி ஒன்று காப்பாற்றியிருக்க, அதற்கான மரியாதையை ஆண்டவன் கணக்கில் பற்று வைப்பது எந்த நியாயம் என்று கேட்கிறோம். அது மரியாதைக் குறைவு மாத்திரமானால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அதில் வேறொரு கெடுதி இருக்கின்றது. ஆண்டவன் காப்பாற்றினான் என்று சொல்லிவிட்டால், 200 அடிக்கு அவைகளை நெருங்கவிட்டது யார் என்ற கேள்வி செத்துப் போகின்றது. காப்பாற்றியது ஆண்டவன் என்றால் நெருங்கவிட்டதும் அவனாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் விசாரணை எதற்கு? சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பது எதற்கு?

கருவி இல்லாதபோது ஆண்டவன் என்ன செய்தான் என்பதற்கும் நம் நாட்டிலேயே ருஜு இருக்கின்றது. 1996 நவம்பர் 12-ந் தேதி மாலை டெல்லியிலிருந்து ஒரு சவூதி விமானம் கிளம்பி ஏறிக் கொண்டிருந்தது. பிழைப்புத் தேடி அரபு நாட்டுக்குப் போகும் தொழிலாளிகள் ஏராளமாக அதில் இருந்தார்கள். கஜகஸ்தான் நாட்டு விமானம் ஒன்று எதிரே டெல்லிக்கு இறங்கி வந்து கொண்டிருந்தது. சவூதி விமானத்தை 14,000 அடியில் நிற்கச் சொன்னார்கள். மற்றதை 15,000 அடியில் நிற்கச் சொன்னார்கள். 1,000 அடி இடைவெளி, விதிப்படி சரி. ஆனால் கஜக் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. அரியானாவில் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்குப் பக்கத்தில் இரண்டும் முட்டிக் கடுகு வயலிலும் பருத்திக் காட்டிலும் விழுந்தன. ஒன்றில் 312 பேர், மற்றொன்றில் 37 பேர், ஆக 349 பேரும் மாண்டார்கள். நடு ஆகாயத்தில் நடந்த மோதல்களில் உலகத்திலேயே அதிகம் பேரைப் பலி கொண்டது அதுதான். அந்த 349 பேரில் எல்லா மதத்தாரும் இருந்திருப்பார்கள். எல்லாருடைய கடவுளும் அன்று சும்மாதான் இருந்தார்கள்.

நீதிபதி லகோதி தலைமையில் விசாரணை நடந்தது. கஜக் விமானம் உத்தரவான உயரத்தை விட்டு இறங்கியதே மோதலுக்குக் காரணம் என்று கண்டார்கள். ஆனால் ஒருவன் தவறினால் 349 பேர் சாகும்படி ஏற்பாடு இருந்ததே, அதைப் பாருங்கள். அக்காலத்தில் டெல்லியைச் சுற்றி ஆகாயத்தின் பெரும் பகுதி ராணுவத்தின் வசம் இருந்ததால், வருகிற விமானத்துக்கும் போகிற விமானத்துக்கும் ஒரே பாதை. டெல்லியில் அன்று உபயோகத்தில் இருந்த ரேடார், விமானம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று காட்டுமே ஒழிய எவ்வளவு உயரம் என்று காட்டாது. விமானி வாயால் சொல்லுவதைத்தான் நம்ப வேண்டும். கஜக் விமானத்தில் ரேடியோவில் பேசுகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் வேறு. பேசுகிறவருக்கு உயரங் காட்டும் கருவி அவர் முன்னால் இல்லை. மோதல் தடுப்புக் கருவி இரண்டு விமானத்திலும் இல்லை. இத்தனை "இல்லை"களுக்கும் தலைவிதி என்று பெயர் வைத்திருந்தால், அடுத்த வருஷமும் அதே பாதையில் அதே மாதிரி மோதியிருக்கும். அப்படி வைக்காமல் விசாரித்ததால்தான் வருகிற பாதையையும் போகிற பாதையையும் பிரித்தார்கள். உயரங் காட்டும் ரேடார் வந்தது. மோதல் தடுப்புக் கருவி கட்டாயமாயிற்று. 2018-ல் கோயமுத்தூர் விமானத்தில் பேசிய பெட்டி, 1996-ல் செத்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனது என்றே சொல்லலாம்.

கருவி வந்த பிறகும் காரியம் முடிந்துவிடவில்லை. 2002 ஜூலை 1-ந் தேதி இரவு, ஜெர்மனி தேசத்து யூபர்லிங்கன் என்னும் ஊருக்கு மேலே, ஒரு ருஷ்ய விமானத்தைப் பார்த்துக் கருவி "ஏறு" என்றது. தரையிலிருந்த அதிகாரி "இறங்கு" என்றார். விமானி அதிகாரியின் பேச்சைக் கேட்டு இறங்கினார். எதிரே வந்த சரக்கு விமானமோ தன் கருவி சொன்னபடி இறங்கிக் கொண்டிருந்தது. 71 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அன்றிரவு அந்த அதிகாரி ஒருவரே இரண்டு ஆள் வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தார். டெலிபோனும் ரேடாரும் பழுது பார்ப்பில் இருந்தன. அதற்குப் பிறகுதான், கருவியும் அதிகாரியும் மாறுபட்டால் கருவி சொல்வதையே கேட்க வேண்டும் என்பது உலகமெங்கும் அய்யத்துக்கு இடமில்லாத விதியாயிற்று. பெரிய அதிகாரி சொன்னார், முன்னோர் சொன்னார் என்று பார்க்காமல் அளந்து பார்த்ததைக் கேள் என்று ஒரு விதி! நம் நாட்டில் ஆகாயத்தில் மாத்திரம் அது அமுலில் இருக்கின்றது.

வானத்தைப் பார்த்துப் பயந்து கொண்டிருக்கும்போது தரையில் நடப்பதை மறந்துவிடுவதற்கும் ஒரு சாட்சி சொல்லலாம். 2024 அக்டோபர் 6-ந் தேதி சென்னைக் கடற்கரையில் விமானப் படையார் சாகசம் காட்டினார்கள். சூலூரின் சாரங் ஹெலிகாப்டர்களும், சூரியகிரண் விமானங்களும் வந்திருந்தன. ஒன்றையொன்று உரசுவதுபோல் அவை போகும் போதெல்லாம் லட்சக்கணக்கான ஜனங்கள் மூச்சைப் பிடித்துக் கொண்டார்கள். மேலே ஒரு விமானமும் இன்னொன்றின்மேல் படவில்லை. கீழேதான் அய்ந்து பேர் செத்தார்கள். வெயிலும், கூட்டமும், குடிக்கத் தண்ணீர் கிடைக்காத கஷ்டமும் வீடு திரும்ப வழி கிடைக்காத நெருக்கடியும் சேர்ந்த நாள் அது. அத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்த இடத்தில் எத்தனை குடம் தண்ணீர் வைக்க வேண்டும் என்பது விமானம் அணி வகுப்பதைவிடக் கஷ்டமான கணக்கா?

ஆகவே, விமானம் பக்கத்தில் தெரிகின்றதே என்று கவலைப்படுகிற தோழர்கள் அந்தக் கவலையைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்பது நமது வேண்டுகோள். திருப்ப வேண்டிய இடத்தையும் சொல்லிவிடுகிறோம். 2022 ஜனவரி 7-ந் தேதி காலை பெங்களூர் விமான நிலையத்தில், பக்கத்துப் பக்கத்து ஓடுபாதைகள் இரண்டிலிருந்தும் இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, மேலே போய் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பின. ஒரு பாதையை மூடிவிட்டு ஒன்றையே உபயோகிப்பது என்று பொறுப்பாளர் செய்த முடிவு, மற்றொரு கோபுரத்தில் இருந்தவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. ரேடார் முன்னால் இருந்த ஒருவர் பார்த்துவிட்டு இரண்டையும் இரு பக்கமாய்த் திருப்பிவிட்டார். 400 பேருக்கு மேல் அவற்றில் இருந்தனர். இதில் நமக்குப் பெரிதாய்ப்படுவது அவை நெருங்கியதல்ல. விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் இலாகா விசாரித்தபோது, இப்படி ஒன்று நடந்ததாக எந்தக் குறிப்பேட்டிலும் எழுதி வைக்கவில்லை என்று தெரிய வந்தது. 2025-ல் பார்லிமெண்டு கமிட்டி ஒன்றும், ஆகாயப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியர்கள் போதவில்லை என்றும், இருப்பவர்கள் அசந்து போகும்படி வேலை வாங்கப்படுகிறார்கள் என்றும் எடுத்துக் காட்டியிருக்கின்றது. 1,000 அடியையும் 9 கிலோமீட்டரையும் கணக்குப் பார்த்துக் கொண்டு இரவு பகலாய் உட்கார்ந்திருக்கும் அந்த ஆட்களின் தூக்கம் நமது தூக்கமும்தான். கோயமுத்தூரிலிருந்து பறக்கும் ஒவ்வொரு விமானமும் அவர்கள் பொறுப்பில்தான் ஏறி இறங்குகின்றது. எத்தனை இடம் காலி, எப்போது நிரப்புவீர்கள், நெருங்கிப் போன சம்பவங்களின் விசாரணை அறிக்கைகளைத் தமிழில் எப்போது வெளியிடுவீர்கள் என்று நம் பார்லிமெண்டு அங்கத்தினர்களை, ஓட்டுக் கேட்க வரும்போதாவது, கோபியிலும் சத்தியிலும் நம்பியூரிலும் கேட்க வேண்டும். பெங்களூரில் அன்று எழுதாமல் விட்டவர் யார், எழுத வேண்டாம் என்று சொன்னவர் யாராவது உண்டா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.